ராத்தாவின் வாடகை வீடு

2023ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வீடு வந்தபோது என் மூத்த ராத்தா முன் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய பிஸ்கட் டின். அவருடைய முக்கியமான கடதாசிகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். கல்யாணத்தின்போது வாப்பா ஹிபாவாக எழுதிக் கொடுத்த மூன்று ஏக்கர் வயலின் உறுதி, 2019இல் மௌத்தான மச்சானின் மரணச் சான்றிதழ், இரண்டு பெண் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள்.

“தம்பி, வயலை விக்கப் போறன். அந்தக் காசில ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடணும். எப்படிச் செய்றதெண்டு நீ சொல்லு” என்றார்.

நான் ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதியவன். வாடகைக்கும் கூலிக்கும் உரிய சட்டங்களைச் சொல்லும் ‘இஜாரா’ பாடத்தை மாணவர்களுக்குப் பலமுறை நடத்தியும் இருக்கிறேன். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்று ராத்தா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதன்பின் நடந்தவற்றில் நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை விட அவரிடம் நான் கற்றுக்கொண்டதே அதிகம். நம் சகோதரிகள் பலரின் பெயரில் வீடு இருக்கிறது, வளவு இருக்கிறது, நகை இருக்கிறது. அதை நிர்வகிக்கும் அறிவு மட்டும் ஆண்களிடம் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். அது எவ்வளவு தவறு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஏன் வீடு?

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதன் பின் வந்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. 2022இல் டீசலுக்கு வரிசை. ராத்தாவின் வயலைக் குத்தகைக்குச் செய்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் விளையாத நெல்லை அவர் எங்கிருந்து அளப்பார்? ஆண் துணையில்லாத வீட்டில், போகத்துக்குப் போகம் வரும் நெல்லை நம்பி மாதச் செலவைப் பார்க்க முடியாமல் போயிற்று. சிறியதாக இருந்தாலும் மாதாமாதம் ஒரு தொகை கைக்கு வரவேண்டும் என்பதே ராத்தாவின் தேவை.

யோசனை சொல்லப் பலர் வந்தார்கள். “விற்ற காசை வங்கியில் நிலையான வைப்பில் போடுங்கள்” என்றார் ஒருவர். 2022ஆம் ஆண்டின் இறுதியில் வங்கி வட்டி நூற்றுக்கு இருபதையும் தாண்டியிருந்தது. ஆசை வரத்தான் செய்யும். உறவினர் ஒருவர், “என் வியாபாரத்தில் போடுங்கள், மாதம் ஒரு இலட்சம் தருகிறேன். முதலுக்கும் நான் பொறுப்பு” என்றார். இது வட்டியில்லையே என்று சிலர் நினைக்கலாம். முதலுக்கு உத்தரவாதமும் கொடுத்து, இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு தருவேன் என்று தொகையையும் நிர்ணயித்தால், அதற்கு வியாபாரம் என்று பெயர் வைத்தாலும் அது வட்டிதான். முளாரபா கூட்டில் இலாபம் பங்கு வீதத்தில் பேசப்படும். நட்டம் வந்தால் முதல் போட்டவரும் அதைச் சுமப்பார்.

“எனக்கு வட்டியும் வேணாம், சொந்தக்காரரோட மனத்தாங்கலும் வேணாம். கண்ணுக்குத் தெரியிற ஒரு வீடு போதும்” என்றார் ராத்தா. இப்னு மாஜாவில் வரும் ஒரு ஹதீஸ் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. வீட்டை விற்றவர் அந்தப் பணத்தை அதைப் போன்ற ஒன்றிலேயே போடாவிட்டால் அதில் பரக்கத் இருக்காது என்பது அதன் கருத்து. அசையாச் சொத்தை விற்ற காசு கையில் நிற்காது என்பது நாம் கண்ணால் காண்பதும்தான்.

உறுதி யார் பெயரில்?

வயல் 72 இலட்சத்துக்குப் போனது. வீடு தேடத் தொடங்கினோம். அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன்: “ராத்தா, நீங்க நொத்தாரிசிடமும் காணிப் பதிவகத்துக்கும் அலையத் தேவையில்லை. உறுதியை என் பெயரில் எழுதுவோம். பிறகு உங்களுக்கு மாற்றித் தருகிறேன்.”

சத்தியமாக அதில் எனக்கு எந்தக் கெட்ட நோக்கமும் இருக்கவில்லை. அவருடைய அலைச்சலைக் குறைக்கத்தான் சொன்னேன். ராத்தா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“தம்பி, நீ என்னைக் கைவிடமாட்டாய். அது எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு நீ மௌத்தாகிப் போனா, உன் பெயரில இருக்கிற வீட்டுக்கு உன் பொஞ்சாதி பிள்ளைகள்தானே வாரிசு? அப்ப நான் யாருக்கிட்டப் போய் இது என் வயல் வித்த காசெண்டு சொல்லுவன்?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாரிசுரிமைப் பாடத்தை வகுப்பில் கரும்பலகையில் பங்கு பிரித்துக் காட்டும் எனக்கு இது தோன்றவில்லை. ராத்தா சொன்னது மார்க்கத்திலும் சரி, நாட்டுச் சட்டத்திலும் சரி. காணி யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறதோ அவர் மரணித்தால் அது அவருடைய வாரிசுகளுக்கே போகும். என் பிள்ளைகள் நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் நான் மௌத்தான பின் அவர்கள் எதை அறிவார்கள்? அவர்கள் முன்னால் இருப்பது உறுதி மட்டும்தான்.

சகோதரிகளே, உங்கள் காசில் வாங்குவதை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். கணவரும் நீங்களும் சேர்ந்து காசு போட்டால், இருவர் பெயரிலும் அவரவர் போட்ட அளவுக்குப் பங்கைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பெண்களின் சம்பாத்தியத்தில் பெண்களுக்கே உரிய பங்கு உண்டு என்பதை சூரா அந்நிஸா தெளிவாகச் சொல்லியிருக்க, அதைக் கேட்பது அன்புக்குக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

மலிவாக வந்த வீடு

முதலில் வந்த வீடு கடற்கரைப் பக்கம். நல்ல காற்று, கிணற்றில் நல்ல தண்ணீர், விலையோ அந்தப் பகுதியின் மற்ற வீடுகளைவிடப் பத்து இலட்சம் குறைவு. மூல உறுதி 2004 சுனாமியில் போய்விட்டது என்று விற்பவர் ஒரு பிரதியைக் காட்டினார். அது நம்பக்கூடிய காரணம்தான். எங்கள் கரையில் அந்த டிசம்பர் 26இல் உயிரோடு உறுதிகளும் போயின. தரகர், “இன்றைக்கே அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடும்” என்று அவசரப்படுத்தினார்.

நாங்கள் அவசரப்படவில்லை. அதற்குக் காரணம் என் புத்தி அல்ல. நாங்கள் பிடித்த நொத்தாரிசு ஒரு நிதானமான மனிதர். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துப் பதிவைத் தேடிப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம் என்றார். தேடியபோது தெரிந்தது, அந்த வளவு விற்பவரின் வாப்பாவின் பெயரிலேயே இன்னும் இருக்கிறது. மரணத்தின் பின் பங்கு பிரிக்கப்படவே இல்லை. விற்பவருக்கு இரண்டு சகோதரிகள். வெளியூரில் கல்யாணம் முடித்துப் போனவர்கள். அவர்களுக்கு இந்த விற்பனையே தெரியாது. “அவர்கள் ஒன்றும் கேட்கமாட்டார்கள்” என்றார் அவர்.

ராத்தா டின்னை மூடினார். “அந்தப் பொம்புளைகளின்ட பங்கில ஆளைக் குடிவச்சி நான் வாடகை தின்னவா?” என்றார். பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவு அநியாயமாக எடுத்தாலும் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக இடப்படும் என்ற ஹதீஸை மிம்பரில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த ஹதீஸைக் காணிப் பதிவகத்தின் வாசலில் வைத்து நினைத்தது அன்றுதான். பதிவைத் தேடிப் பார்ப்பது நம் காசைக் காப்பாற்ற மட்டுமல்ல, பிறர் ஹக்கைத் தின்னாமல் இருக்கவும்தான்.

இரண்டாவது வந்தது பெர்மிட் காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் குடியிருக்கவும் பயிர் செய்யவும் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் வேறொருவருக்கு மாற்ற முடியாது. வெறும் கடதாசியில் எழுதி வாங்கிவிட்டுப் பின்னர் அழுகிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அதையும் விட்டோம்.

மூன்றாவது வீடுதான் அமைந்தது. எட்டுப் பேர்ச்சஸ் வளவில் ஓட்டு வீடு. முன் பகுதியும் பின் பகுதியும் தனித்தனி வாசலோடு இரண்டு குடும்பம் இருக்கக்கூடியது. பாடசாலைகளும் வைத்தியசாலையும் கிட்ட. ஆகவே இடமாற்றத்தில் வரும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் வீடு தேடி வருவார்கள். வாடகைக்கு வாங்கும் வீட்டில் நம் மனதுக்குப் பிடித்ததைப் பார்ப்பதை விட, அங்கே யார் வந்து இருப்பார்கள், எதற்காக வருவார்கள் என்பதையே பார்க்க வேண்டும்.

வாங்குமுன் நாங்கள் பார்த்தவற்றைச் சொல்கிறேன். பதிவகத் தேடல், ஈட்டுக் கடன் ஏதும் இருக்கிறதா என்பது, நிலஅளவையாளரின் வரைபடமும் எல்லைக் கற்களும் ஒத்துப் போகிறதா என்பது, மாநகர சபையில் ஆதன வரி நிலுவை இருக்கிறதா, வீதி அகலிப்புக்குக் காணி போகுமா என்பது. இவை கடதாசியில் பார்க்கும் காரியம். நேரில் பார்ப்பதற்கு ஒரு மாரி மழை நாளில் போக வேண்டும். கூரை எங்கே ஒழுகுகிறது, முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது, மலசலகூடக் குழி நிரம்புகிறதா என்பதெல்லாம் வெயிலில் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ராத்தா அரை மணி நேரம் பேசியதில், எந்தத் தரகரும் சொல்லாத செய்திகளெல்லாம் கிடைத்தன.

கணக்குச் சொல்லும் உண்மை

வீட்டின் விலை 60 இலட்சம். முத்திரை வரி, முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிகுதிக்கு நூற்றுக்கு 4 என்ற வீதத்தில் 2,39,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம், தேடல், அளவை எல்லாம் சேர்த்து 90,000. ஓடு மாற்றவும், வயரிங் திருத்தவும், இரண்டு பகுதிக்கும் வெவ்வேறு மின்மானி போடவும் 4 இலட்சம். ஆக 67,29,000 ரூபா. மிச்சம் நாலரை இலட்சத்துக்குச் சற்று மேல். அதைத் தொடவேண்டாம் என்று வைத்தோம்.

உறுதியில் விலையைக் குறைத்துப் போட்டால் முத்திரை வரி மிச்சம் என்று ஒருவர் சொன்னார். அது பொய்ச் சாட்சி. அதோடு, நாளை ஏதும் பிணக்கு வந்தால் கடதாசியில் உள்ள தொகைதான் பேசும். நாம் கொடுத்த முழுத் தொகையை அல்லாஹ் அறிவான், நீதிமன்றம் அறியாது.

வாடகை முன் பகுதிக்கு 18,000, பின் பகுதிக்கு 15,000. மாதம் 33,000, வருடம் 3,96,000 ரூபா. இதைக் கேட்டதும் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஒரு மாதமாவது வீடு வெறுமையாக இருக்கும் என்று 33,000 கழிக்க வேண்டும். பழுதுபார்க்க 50,000. ஆதன வரிக்கு 5,000. மோட்டர், குழி துப்புரவு போன்றவற்றுக்கு 18,000. மிஞ்சுவது 2,90,000. போட்ட காசுக்கு நூற்றுக்கு நாலு ரூபாவுக்குச் சற்றே மேல்.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. வாடகை வீடு வாங்கினால் பணம் கொட்டும் என்பவரை நம்பாதீர்கள். அது மெல்லிய வருமானம். ஆனால் ஹலாலானது, மாதாமாதம் வருவது, காணி நம்முடையதாகவே இருப்பது. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் ராத்தா “எனக்குப் போதும்” என்றார். கடன் வாங்கி, அதுவும் வட்டிக்கு வாங்கி வாடகை வீடு வாங்கியிருந்தால் இந்த நாலு ரூபா எந்த மூலைக்கு? தவணையைக் கட்ட நகையை விற்க வேண்டி வந்திருக்கும்.

ஆதன வரி பற்றி ஒரு சின்னச் செய்தி. வருடத்துக்குரிய முழுத் தொகையையும் ஜனவரி 31ஆம் திகதிக்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் பெயரில் வருடாவருடம் வரும் அந்தச் சீட்டுக்களும் உங்கள் உரிமைக்கு ஒரு சாட்சி.

நான் செய்த தவறு

முன் பகுதிக்கு முதல் ஆளை நான்தான் கொண்டுவந்து விட்டேன். எனக்குப் பழக்கமானவர், ஐவேளையும் ஜமாஅத்துக்கு வருபவர். “ஒப்பந்தம் எழுதணுமா தம்பி?” என்று ராத்தா கேட்டார். “அவரிடம் போய்க் கடதாசி நீட்டினால் என்ன நினைப்பார்? என் முகத்துக்காக விடுங்கள்” என்றேன். முற்பணமும் வாங்கவில்லை.

நாலு மாதம் ஒழுங்காக வந்தது. பிறகு, “அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்.” பிறகு அதுவும் இல்லை. அவருடைய தொழில் விழுந்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அதை வந்து சொல்லவில்லை. ராத்தா கேட்கக் கூச்சப்பட்டார். இத்தனை வருடம் வீட்டோடு இருந்த பெண் ஒரு அந்நிய ஆணின் வாசலில் நின்று காசு கேட்பது எப்படி? நானும் கூச்சப்பட்டேன். பள்ளியில் பக்கத்தில் நின்று தொழுபவரிடம் எப்படிக் கேட்பது? இருவரின் கூச்சத்திலும் பத்து மாதம் போனது. ராத்தாவுக்கு வரவேண்டிய 1,80,000 ரூபா போனது. அந்த நாட்களில் மூத்த மகளின் உயர்தர வகுப்புக்குப் பணம் கட்ட ராத்தா ஒரு சோடிக் காப்பை விற்றிருக்கிறார். எனக்குச் சொல்லவே இல்லை. பின்னர் என் மனைவி மூலம் தெரிய வந்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகிகள் இருவரை வைத்துப் பேசினோம். அதில் தீராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போவதென்று இருந்தோம். அவர் வீட்டை விட்டார். நிலுவையை எழுதித் தந்து, சிறிது சிறிதாகக் கொடுத்து வருகிறார். கஷ்டத்தில் இருப்பவருக்குத் தவணை கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ராத்தா ஒரு பகுதியை மன்னித்தும் விட்டார். ஆனால் மின்சார நிலுவை மட்டும் இருபத்தையாயிரத்துக்கு மேல். மின்மானி ராத்தாவின் பெயரில். 2022இலும் 2023இலும் கட்டணம் ஏறியிருந்தது. அதையும் ராத்தாவே கட்டினார்.

அவர் கெட்டவர் அல்ல என்றே இன்றும் நம்புகிறேன். எழுதாமல் விட்டதால் ஒரு நல்ல மனிதரையும் நாங்கள் தவறு செய்யவிட்டோம். முதல் மாதமே ஒரு கடதாசி பேசியிருந்தால் அவரும் அப்போதே கஷ்டத்தைச் சொல்லியிருப்பார். எங்கள் ஸலாமும் பழையபடி இருந்திருக்கும்.

எழுதிய பின்

அல்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது என்று மாணவர்களிடம் கேட்பேன். சூரா அல்பகராவில் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளப் பணிக்கும் வசனம் என்று சொல்வார்கள். சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படைய வேண்டாம் என்பதும் அதில் இருக்கிறது. மத்யன் நகரத்துக் கிணற்றடியில் மூஸா நபி (அலை) அவர்கள் உதவிய இரு பெண்களின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். அவரைக் கூலிக்கு அமர்த்துங்கள் என்று தந்தைக்கு யோசனை சொன்னவர் ஒரு பெண். பலமும் நம்பிக்கையும் உள்ளவரைத்தான் அமர்த்த வேண்டும் என்று அளவுகோலையும் சொன்னார். தந்தையோ எட்டு வருடம் என்று காலத்தை முதலிலேயே வைத்துப் பேசினார். நபிமாரின் கொடுக்கல் வாங்கலிலேயே காலமும் கடமையும் இப்படித் தெளிவாக இருந்திருக்க, நமக்கு என்ன கூச்சம்?

2025 ஜனவரியில் இரண்டு பகுதிக்கும் புதிய குடும்பங்கள் வந்தன. இம்முறை நொத்தாரிசு முன்னிலையில் ஒரு வருடத்துக்குக் குத்தகை ஒப்பந்தம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வைத்தே எழுத வேண்டும். முத்திரையில் நாமே கிறுக்கி வைத்துக்கொள்வது போதாது. காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டைச் சுருக்கமான வழியில் மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் முறையாக எழுதிய ஒப்பந்தம் இல்லாதவர் அதை வைத்து என்ன செய்வார்? உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் நாங்கள் எழுதியவை: வாடகை எவ்வளவு, எத்தனையாம் திகதி, எந்த வங்கிக் கணக்கில், காலம் எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், மின்சாரமும் தண்ணீரும் குடியிருப்பவர் பொறுப்பு, கூரையும் சுவரும் குழியும் வீட்டுக்காரர் பொறுப்பு, வேறு ஆளுக்கு உள்வாடகைக்கு விடக்கூடாது, வீடு எதற்குப் பயன்படும், விட விரும்பினால் எத்தனை மாதம் முன் சொல்ல வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் ஜன்னல், பூட்டு, மின்விசிறி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தார்கள். வாடகை வங்கிக்கே வருவதால் ராத்தா யாருடைய வாசலிலும் நிற்கத் தேவையில்லை. வீட்டைப் பார்க்கப் போனால் முன்னரே சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு, அந்த வீட்டுப் பெண்கள் இருக்கும் நேரத்தில் போவார். நம் வீடுதான் என்றாலும் வாடகைக்கு விட்ட பின் அது அவர்களுடைய மறைவு. அனுமதியில்லாமல் நுழைய நமக்கு ஹக் இல்லை.

முன் பகுதிக்கு வந்தவர் ஒரு தமிழ் ஆசிரியை, கணவர் பிள்ளையோடு. சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ராத்தா ஆசிரியையிடம் பேசிவிட்டுச் சம்மதித்தார். ஒரு மாதமும் திகதி தவறியதில்லை. நோன்புப் பெருநாளைக்கு ராத்தா வீட்டு வட்டிலப்பம் அங்கே போகும். பொங்கலுக்கு அங்கிருந்து வாழைப்பழமும் கரும்பும் வரும்.

ஒற்றி என்னும் ஓட்டை

பின் பகுதிக்கு முதலில் வந்த ஒருவர் இப்படிக் கேட்டார்: “பதினைந்து இலட்சம் ஒரே தொகையாகத் தருகிறேன். இரண்டு வருடம் வாடகையில்லாமல் இருக்கிறேன். போகும்போது அதே பதினைந்து இலட்சத்தைத் திருப்பித் தந்தால் போதும்.” இதை ஒற்றி என்பார்கள், ஈடு என்று சொல்வோரும் உண்டு. நம்மவர்களிடையே பரவலாக நடக்கிறது. வாடகைதான் இல்லையே, வட்டி எங்கே என்று கேட்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். திரும்பிக் கொடுக்க வேண்டிய பதினைந்து இலட்சம் கடன். அந்தக் கடனைக் கொடுத்ததற்காக அவருக்குக் கிடைப்பது இரண்டு வருட வாடகையில்லாக் குடியிருப்பு. கடன் கொடுத்தவருக்கு அந்தக் கடனுக்காக நிபந்தனையிட்டுக் கிடைக்கும் இலாபம் வட்டி என்பதுதான் நம் இமாம்களின் தீர்ப்பு. காசாக வாங்காமல் கூரையாக வாங்கினாலும் அதே தீர்ப்புத்தான். வாங்குபவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பெரிய தொகை செலவாகிவிடும், இரண்டு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்க இருக்காது, வந்தவர் எழும்பமாட்டார். ராத்தா மறுத்துவிட்டார். பணத்தட்டுப்பாடான நேரம் அது. அவருக்கு அது எளிதாக இருக்கவில்லை.

முற்பணம், பழுது, ஸக்காத்

மூன்று மாத வாடகையை முற்பணமாக வாங்கினோம். அது நம் காசு அல்ல என்பதை ஞாபகம் வைக்க வேண்டும். குடியிருப்பவர் போகும்போது, அவர் கொடுக்க வேண்டியது ஏதும் இருந்தால் மட்டும் கழித்து மிகுதியைக் கொடுத்துவிட வேண்டும். ராத்தா அதைத் தனியாக வைத்திருக்கிறார். சுவரில் வண்ணம் மங்கியதற்கும், பாவித்துத் தேய்ந்த குழாய்க்கும் முற்பணத்தில் வெட்டுவது அநியாயம். வாடகைக்கு இருப்பவர் அமானிதக்காரர். கவனக்குறைவாலும் வரம்பு மீறலாலும் உடைந்ததற்குத்தான் அவர் பொறுப்பு. வழமையான பாவிப்பில் வரும் தேய்வுக்கு அவர் பொறுப்பில்லை.

அதுபோல, கூரை ஒழுகினால் உடனே திருத்துவது நம் கடமை. இருக்கக்கூடிய வீட்டுக்குத்தான் வாடகை. எங்கள் பக்கம் ஒக்டோபரில் மழை தொடங்கும். ஆகவே செப்டெம்பரிலேயே ஓடு பார்க்க மேசனைக் கூப்பிடுவது ராத்தாவின் வழக்கம். ஒப்பந்தக் காலத்துக்குள் வாடகையை ஏற்றக்கூடாது. ஏற்ற விரும்பினால் காலம் முடியுமுன் சொல்லி, இருவரும் சம்மதித்துப் புதிதாக எழுத வேண்டும். காலத்தின் நடுவில் இருவரில் ஒருவர் மௌத்தானாலும் ஷாபிஈ மத்ஹபில் ஒப்பந்தம் முறியாது. வாரிசுகள் அதை நிறைவேற்ற வேண்டும். இதுவும் எழுத்தில் இருப்பது நல்லது.

ஸக்காத் விடயத்தில் ராத்தாவுக்கு ஒரு சந்தேகம். வயல் இருந்தபோது அறுவடையன்றே நெல்லில் ஸக்காத் கொடுப்பார். வீட்டுக்கு எப்படி? வாடகைக்கு விடும் வீட்டின் பெறுமதிக்கு ஸக்காத் இல்லை. வாடகையில் செலவு போக மிஞ்சிய பணம், கையிலுள்ள மற்றப் பணத்தோடு சேர்ந்து நிஸாபை அடைந்து ஒரு வருடம் நின்றால் நூற்றுக்கு இரண்டரை. ஆனால் விலை ஏறியதும் விற்க வேண்டும் என்ற நிய்யத்தோடு வியாபாரத்துக்காக வாங்கிய காணியென்றால் அதன் சந்தைப் பெறுமதிக்கு வருடாவருடம் ஸக்காத் கொடுக்க வேண்டும். ஆகவே வாங்கும்போதே உங்கள் நிய்யத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கொப்பி

ராத்தாவிடம் இப்போது ஒரு நீல மட்டைக் கொப்பி இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளின் சாதாரணக் கொப்பிதான். ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் செலவு. மாதத்தில் வரும் வாடகையில் பத்தில் ஒன்றைப் பழுதுக்கென்று முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுச் செலவுக்குத் தொடுவார். கணக்கு எழுதுவது மூத்த மகள்; இளையவள் பற்றுச்சீட்டுக்களை ஒட்டுவாள். அந்தப் பிள்ளைகள் நாளை எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாலும் தங்கள் சொத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களாகப் போவார்கள், இன்ஷா அல்லாஹ். சீதன வீடு தேடி அலையும் நாம் இந்த அறிவையும் அவர்களுக்குக் கொடுத்தனுப்ப மறந்துவிடுகிறோம்.

சென்ற மாதம் எனக்கு ஒரு அவசரம். ராத்தாவிடம் ஐம்பதாயிரம் கைமாற்றுக் கேட்டேன். காசை எண்ணி வைத்தார். பிறகு அந்த நீலக் கொப்பியையும் பேனையையும் என் பக்கம் நகர்த்தினார்.

“எழுது தம்பி. திகதியும் போடு.”

மூத்த மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் எழுதினேன், திகதி போட்டேன், கையெழுத்தும் வைத்தேன். அவளையும் அவளுடைய உம்மும்மாவையும் சாட்சிக்கு வைத்தோம். என் மனதில் ஒரு துளியும் வருத்தம் இருக்கவில்லை.

நம் பெண்களின் சொத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. பிறர் ஹக்கில் கை வைக்காமலும் நம் ஹக்கை விட்டுவிடாமலும் வாழ நம் எல்லோருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.